உரிமமும் விரதமும்
தொழில் தொடங்கும் இல்லறத்தார்க்கு ஒரு பாடம்

நம் சமூகத்து இளைஞர் பலர் இன்று கடை வாணிகத்தோடு அமையாமல், பொருள்களைத் தாமே உற்பத்தி செய்யும் தொழில்களில் இறங்க விழைகின்றனர். கப்பலூர், கே. புதூர் போன்ற தொழிற்பேட்டைகளில் இடம் தேடுவோரும், திருமங்கலம், மேலூர்ப் பக்கங்களில் நிலம் பார்ப்போரும் உளர். இது மகிழத்தக்க முயற்சியே. எனினும், இவர்களிடையே இரண்டு கருத்துகள் பரவலாக வழங்கி வருகின்றன. "லைசென்ஸ் முறைதான் 1991-ஆம் ஆண்டிலேயே ஒழிந்துவிட்டதே" என்பது ஒன்று. "முதலில் தொழிலை ஓட்டுவோம், காகிதங்கள் பின்னால் வரும்" என்பது மற்றொன்று. முதலாவது பாதி உண்மை. இரண்டாவதோ சிராவகர் ஏற்ற விரதத்திற்கே மாறானது. இவ்விரண்டையும் ஆராய்ந்து தெளிவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. வாணிகமும் அறமும் பிரிந்திருந்தனவா?

மதுரையைச் சூழ்ந்த குன்றுகளே இதற்கு விடை கூறும். அழகர்மலைக் குகைத்தளத்தில் சமண முனிவர்க்குக் கொடையளித்தோர் பெயர்கள் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் உப்பு வணிகர், கொழு வணிகர், அறுவை வணிகர், இனிப்புப் பாகு விற்ற பணித வணிகர், பொன் வணிகர் ஆகியோர் உளர். மாங்குளம் கல்வெட்டு ஒன்று வெள்ளறை நிகமத்தோரைக் குறிக்கிறது. நிகமம் என்பது வணிகர் கூட்டமைப்பு. இவை இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையன.

இவற்றிலிருந்து இரண்டு செய்திகளை அறிகிறோம். உப்பும் இரும்பும் துணியும் விற்றவர்கள் துறவியர்க்குக் கற்படுக்கை அமைத்துத் தரும் தகுதியுடையவர்களாக மதிக்கப்பட்டனர். தொழில் செய்தல் இழிவெனக் கருதப்படவில்லை. அன்றியும், வணிகர் தனித்தனியே நில்லாமல் கூட்டமைப்பாக இயங்கினர். கூட்டமைப்பு என்றாலே அதற்கெனக் கட்டுப்பாடு ஒன்று உண்டு. எக்கட்டுப்பாட்டிற்கும் உட்படாத வணிகன் என்னும் கருத்து நம் மரபில் இல்லை.

2. ஒழிந்தது எது, ஒழியாதது எது?

1951-ஆம் ஆண்டுத் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் 1952 மே 8 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பெருந்தொழில் தொடங்குவோர் மத்திய அரசின் தொழில் உரிமம் பெறுதல் வேண்டும். என்ன பொருள் செய்யலாம், எங்கே செய்யலாம், எவ்வளவு செய்யலாம் என்பவற்றையெல்லாம் அவ்வுரிமமே வரையறுத்தது. அனுமதித்த அளவுக்கு மேல் உற்பத்தி செய்தலும் குற்றமாயிற்று. நாட்டின் மூலதனமும் மூலப்பொருளும் குறைவாக இருந்த காலத்தில் அவற்றைப் பங்கிட்டுத் தருவதே அம்முறையின் கருத்து. நாளடைவில் அது தாமதத்திற்கும் சலுகை தேடுதலுக்கும் இடமாயிற்று.

1991 ஜூலை 24 அன்று அறிவிக்கப்பட்ட புதிய தொழிற்கொள்கை, 18 வகைத் தொழில்கள் நீங்கலாக ஏனையவற்றிற்கு இவ்வுரிமத்தை நீக்கியது. பின்னர் அப்பட்டியலும் சுருங்கியது. இன்று அதில் எஞ்சியிருப்பன பின்வருவன: சுருட்டு, சிகரெட் போன்ற புகையிலைப் பொருள்கள், தீக்குச்சி உள்ளிட்ட வெடிபொருள்கள், குறிப்பிட்ட சில அபாயகரமான வேதிப்பொருள்கள், பாதுகாப்புத் தளவாடங்கள்.

இவ்விடத்தில் வாசகர் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிராவகாசார நூல்கள் இல்லறத்தான் விலக்கத்தக்க பதினைந்து கொடுந்தொழில்களை எடுத்துரைக்கின்றன. நஞ்சு விற்றல், காட்டை எரித்தல், ஏரி குளங்களை வற்றச் செய்தல் முதலியன அவற்றுள் அடங்கும். கொலைக்கருவிகளைப் பிறர்க்கு வழங்குதலை அனர்த்த தண்டத்துள் வைத்து விலக்குகின்றன. அரசு இன்றும் தன் நேர்ப்பார்வையில் வைத்திருக்கும் தொழில்களுள் பெரும்பாலானவை, சிராவகன் முன்னரே ஒதுங்கி நிற்கவேண்டிய தொழில்களாகவே உள்ளன.

ஆக, 1991-இல் நீங்கியது "நீ இதனை உற்பத்தி செய்யலாமா?" என்று கேட்ட உரிமம். "நீ உற்பத்தி செய்வதால் யாருக்கு என்ன தீங்கு நேரும்?" என்று கேட்கும் உரிமங்கள் அன்றும் இருந்தன, இன்றும் உள்ளன. இவ்வேறுபாட்டை அறியாமையே "லைசென்ஸ் ஒழிந்தது" என்னும் மயக்கத்திற்குக் காரணம்.

3. மூன்றாம் விரதம் கூறுவது

அணுவிரதம் ஐந்தனுள் மூன்றாவது கள்ளாமை. உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் ஒவ்வொரு விரதத்திற்கும் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. அதிசாரம் என்பது விரதத்தை முற்றும் முறிக்காமல் அதன் எல்லையை மீறிக் களங்கப்படுத்தும் செயல். கள்ளாமைக்குரிய அதிசாரங்கள் இவை: களவுக்குத் துணைபோதல், களவுப் பொருளை வாங்குதல், அரசின் ஒழுங்கை மீறிப் பொருளீட்டுதல், எடையிலும் அளவிலும் குறைத்தலும் கூட்டுதலும், நல்ல பொருளில் மட்டப் பொருளைக் கலத்தல்.

மூன்றாவதாக வரும் 'விருத்த ராஜ்யாதிக்ரமம்' என்னும் தொடர்க்கு உரையாசிரியர் இருவகையாகப் பொருள் கூறுவர். பகை நாட்டு எல்லையைக் கடந்து வாணிகம் செய்தல் என்பர் ஒரு சாரார். அரசு விதித்த முறையை மீறித் தகாத ஆதாயம் பெறுதல் என்பர் மற்றொரு சாரார். எவ்வாறு கொள்ளினும், அரசு வரைந்த எல்லையை ஆதாயத்தின் பொருட்டுத் தாண்டுதல் களவின்பாற்படும் என்பது பெறப்படுகிறது.

உரிமமின்றித் தொழில் நடத்துதல் எவ்வாறு களவாகும் என வினவலாம். உரிமம் பெற்றவர் கழிவுநீர்த் தொட்டி கட்டியிருப்பார், எந்திரத்திற்குக் காப்பு அமைத்திருப்பார், கட்டணம் செலுத்தியிருப்பார். பெறாதவர் அச்செலவை மிச்சப்படுத்துகிறார். அந்த மிச்சம் தொழிலாளியின் விரலிலிருந்தும், அண்டை வீட்டார் கிணற்றிலிருந்தும், முறையாக நடக்கும் போட்டியாளர் வருவாயிலிருந்தும் எடுக்கப்பட்டதே. கொடுத்தவர் இசைவின்றி எடுப்பது களவன்றி வேறென்ன?

4. வாயில்கள் ஐந்து: ஓர் எடுத்துக்காட்டு

மதுரைக்குப் பழக்கமான அப்பளத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். உறவினர் மூவர் சேர்ந்து, மாவு பிசையவும் தேய்க்கவும் எந்திரம் வைத்து, பன்னிரண்டு பேரை வேலைக்கு அமர்த்தி அப்பளம் செய்ய எண்ணுகின்றனர் என்க. அவர்கள் கூட்டாண்மையாகவோ நிறுவனமாகவோ தம்மைப் பதிவு செய்துகொண்ட பின் கடக்க வேண்டிய வாயில்கள் ஐந்து.

முதல் வாயில்: இடம். நகர் ஊரமைப்புத் திட்டத்தில் அந்நிலம் எவ்வகைப் பயன்பாட்டிற்கு உரியது என்பதை முதலில் பார்த்தல் வேண்டும். குடியிருப்புக்கோ வேளாண்மைக்கோ உரிய நிலமாயின், வகை மாற்றம் பெறாமல் தொழிற்கூடம் கட்ட இயலாது. மாநகராட்சி எல்லைக்குள்ளாயின் மாநகராட்சியிடமும், சிற்றூராயின் ஊராட்சியிடமும் கட்டட அனுமதியும் எந்திரம் நிறுவும் அனுமதியும் பெறுதல் வேண்டும். தொழிற்பேட்டையில் மனை பெறுவோர்க்கு நில வகை பற்றிய இச்சிக்கல் எழாது.

மதுரைப் பகுதியில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானம் தடைசெய்யப்பட்டுள்ளது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி தேவை. குன்றுதோறும் அருகர் திருமேனிகளைக் கொண்ட நம் பகுதியில் இவ்விதியின் அருமையை விளக்க வேண்டுவதில்லை. தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பமும் தமிழிக் கல்வெட்டும் உடைய அரிட்டாபட்டி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஈராண்டு கழித்து, அப்பகுதியை உள்ளடக்கிய நாயக்கர்பட்டித் தொகுதி டங்ஸ்டன் சுரங்கத்திற்கென ஏலம் விடப்பட்டது. ஊர்மக்கள் எதிர்த்தனர். 2024 டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அவ்வேலத்தை இரத்துச் செய்தது. அது சுரங்கத்தின் கதை. நாம் பேசுவது சிறு தொழில். எனினும் பாடம் ஒன்றே: இடத்தைப் பற்றிய கேள்வி முதலில் கேட்கப்படுதல் வேண்டும், இறுதியில் அன்று.

இரண்டாம் வாயில்: நீரும் காற்றும். 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டமும் 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவை வேண்டுகின்றன. இவ்விசைவு இருமுறை பெறத்தக்கது. கட்டடம் எழுப்புமுன் பெறுவது நிறுவுதற்கான இசைவு. உற்பத்தி தொடங்குமுன் பெறுவது இயக்குதற்கான இசைவு. முன்னது பெற்றுப் பின்னதை மறந்துவிடுவோர் பலர். மாசின் அளவை நோக்கித் தொழில்களைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை, வெள்ளை எனப் பிரித்துள்ளனர். சிவப்பு வகைக்குக் கண்டிப்பு மிகுதி. வெள்ளை வகைக்கு இசைவு தேவையில்லை. வாரியத்திற்குத் தெரிவித்தல் போதும். தம் தொழில் எவ்வகை என்பதைத் தாமே முடிவு செய்துகொள்ளாமல், வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டறிதல் நலம்.

மூன்றாம் வாயில்: தொழிலாளர். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி, மின்விசையுடன் 10 பேரோ, மின்விசையின்றி 20 பேரோ வேலை செய்தால் அவ்விடம் தொழிற்சாலை ஆகும். வரைபட ஒப்புதலும் உரிமமும் பெறுதல் வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்ட புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு இவ்வெண்களை 20, 40 என உயர்த்தியுள்ளது. விதிகள் மாறிவரும் காலமாதலால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் நேரில் கேட்டறிந்து நடத்தல் வேண்டும். 10 பேர் இருந்தால் மருத்துவக் காப்பீடாகிய இ.எஸ்.ஐ.யும், 20 பேர் இருந்தால் வருங்கால வைப்பு நிதியும் பொருந்தும். தீயணைப்புத் துறையின் சான்றும் மின் இணைப்பும் இவ்வாயிலைச் சேர்ந்தனவே.

நான்காம் வாயில்: பொருளின் தூய்மை. அப்பளம் உணவுப் பொருளாதலின், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் பொருந்தும். ஆண்டு விற்பனையின் அளவை நோக்கிச் சிறியவர் பதிவும் பெரியவர் உரிமமும் பெறுவர். 14 இலக்க எண் ஒன்று வழங்கப்படும். அதனை உறையின்மேல் அச்சிடுதல் வேண்டும். சைவ உணவுக்குரிய பச்சைப் புள்ளியும் இச்சட்டத்தின்பாற்பட்டதே. நம்மவர் அப்புள்ளியை நம்பியே பொருள் வாங்குகின்றனர். அதனைப் பொய்யாக இடுதல் கலப்படத்திலும் கொடிது. உண்பவர் விரதத்தையே அவரறியாமல் முறித்தலாகும்.

ஐந்தாம் வாயில்: அளவு. 2009-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி தராசுகள் முத்திரையிடப்பட்டிருத்தல் வேண்டும். உறையிட்டு விற்போர் தம்மைப் பதிவு செய்துகொண்டு, உறையின்மேல் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, குறை தெரிவிக்கும் தொடர்பு விவரம் ஆகியவற்றை அச்சிடுதல் வேண்டும்.

இவ்வைந்து வாயில்களையும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்க ஒற்றைச் சாளர முறை உள்ளது. இதற்கென 2018-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. சிறு தொழில்களுக்கு மாவட்டத் தொழில் மையம் வழிகாட்டும். மதுரையில் சிறு தொழில் முனைவோர் சங்கமாகிய மடீட்சியாவும் உதவும்.

'உத்யம்' பதிவு பற்றியும் ஒரு சொல். 2020 ஜூலை 1 முதல் வழங்கப்படும் இப்பதிவு கட்டணமில்லாதது. வங்கிக் கடனுக்கும் சலுகைகளுக்கும் உதவுவது. 2025 ஏப்ரல் 1 முதல், எந்திர முதலீடு இரண்டரைக் கோடி ரூபாய்க்கும் ஆண்டு விற்பனை 10 கோடி ரூபாய்க்கும் மேற்படாதவை குறுந்தொழில்கள் எனப்படும். ஆனால் உத்யம் என்பது தொழிலின் அடையாளச் சீட்டு மட்டுமே. அதனைச் சுவரில் மாட்டிவிட்டு எல்லா உரிமமும் பெற்றுவிட்டதாகக் கருதுதல் பிழை.

5. வாயிலைத் தாண்டிக் குதித்தால்

1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு போபாலில் நச்சுக் காற்று கசிந்து ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். அதன்பின்னரே 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987-இல் அபாயத் தொழில்களுக்கென ஒரு தனிப்பகுதி தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. நம் அண்டையில் உள்ள சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று பட்டாசு ஆலை ஒன்று வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். திருப்பூரில் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்திற்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைக் கழிவு தேங்கும் இடமாக்கியது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எய்தாத சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. பட்டறை முதலாளிகள் மட்டுமன்றி, அவற்றை நம்பியிருந்த தொழிலாளர் குடும்பங்களும் அல்லலுற்றன.

வைகையும் கண்மாய்களும் கோடையில் வறளும் இயல்புடைய நம் சமவெளியில், ஒரு கண்மாய் கெட்டால் அதன் கீழுள்ள வயலும் கிணறும் கெடும். நீர்நிலையை வற்றச் செய்யும் தொழிலைப் பாவத் தொழிலென்று முன்னோர் வகுத்தமை, அந்நீரில் வாழும் எண்ணற்ற உயிர்களை எண்ணியே. நீரை வற்றச் செய்தலும் நஞ்சாக்குதலும் அவ்வுயிர்களுக்கு ஒன்றே.

6. கையூட்டு என்னும் குறுக்குவழி

"எல்லாம் முறையாகச் செய்தாலும் கைநனைக்காமல் காரியம் நடவாது" என்பாரும் உண்டு. 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டபின், கொடுப்பவரும் ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரியவராவர். வற்புறுத்தலால் கொடுக்க நேர்ந்தவர் ஏழு நாள்களுக்குள் உரிய அதிகாரியிடம் தெரிவித்துவிட்டால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. ஒற்றைச் சாளரத்தில் விண்ணப்பித்த நாளும் எண்ணும் பதிவாகின்றன. அவற்றைக் குறித்து வைத்து, தாமதமாயின் எழுத்தால் வினவுதலே நேர்வழி. கையூட்டால் பெற்ற இசைவு தொட்டி கட்டாதவனுக்கும் கிடைக்கும். காப்பு அமைக்காதவனுக்கும் கிடைக்கும். சுவரில் உரிமம் தொங்கும், தீங்கோ அகலாது.

7. சட்டம் முடியுமிடம்

நம் எடுத்துக்காட்டில் பன்னிரண்டு பேர் வேலை செய்தனர். பழைய சட்டத்தில் அது தொழிற்சாலை. புதிய எல்லைப்படி அவ்வாறு ஆகாமற்போகலாம். அவ்வாறாயின் எந்திரத்திற்குக் காப்பு வேண்டாமா? குடிநீரும் ஓய்வும் வேண்டாமா?

கொல்லாமை விரதத்திற்குரிய அதிசாரங்கள் ஐந்து: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இவை கால்நடைகளை மனத்திற்கொண்டு சொல்லப்பட்டனவாகத் தோன்றினும், காப்பற்ற எந்திரம் விரலை அறுப்பதும், வாரத்திற்கு 48 மணி நேரத்திற்கு மேல் ஊதியமின்றி வேலை வாங்குவதும், உணவு வேளையைப் பறிப்பதும் இவற்றுள் அடங்காவோ? சட்டம் தலையெண்ணிக்கை பார்க்கும். அதன் எல்லை பத்திலிருந்து இருபது ஆயிற்று. நாளை மேலும் மாறலாம். விரதத்தின் எல்லை என்றும் ஓருயிர்.

எந்திரத் தொழில் முழுவதும் இம்சையற்றது என்று நாம் கூறவில்லை. எந்திரங்கொண்டு ஆட்டிப் பிழிதலும் அப்பதினைந்து தொழில்களுள் ஒன்றாக எண்ணப்பட்டுள்ளது. இல்லறத்தான் தொழிலால் நேரும் உத்யோகி இம்சையை முற்றும் நீக்க இயலாது. விழிப்பால் குறைக்க இயலும். அவ்விழிப்பே அவன் கடமை. மாவைச் சலித்துப் பூச்சி நீக்குதல், நீரை வடிகட்டுதல், உலரும் அப்பளத்தை மூடிக் காத்தல் என நம் இல்லத்துப் பெண்டிர் செய்துவரும் அதே விழிப்பு, தொழிற்கூடத்தின் வாயில் வரை நீளுதல் வேண்டும்.

உரிமம் என்பது அரசு நமக்கு அளிக்கும் சலுகையன்று. கையெழுத்திடும் இடத்தில் இல்லாத தொழிலாளிக்கும், அண்டை அயலார்க்கும், நுகர்வோர்க்கும், நீர்வாழ் உயிர்க்கும் நாம் எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி. விரதம் ஏற்றவர்க்கு அவ்வுறுதிமொழி புதிதன்று.

சிந்தனைக்கு

1. 1991-இல் நீங்கிய உரிமத்திற்கும் இன்றும் தொடரும் உரிமங்களுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் எவை எடையளவுச் சட்டத்தோடும் உணவுச் சட்டத்தோடும் பொருந்துகின்றன?
3. நிறுவுதற்கான இசைவு, இயக்குதற்கான இசைவு ஆகிய இரண்டும் ஏன் தனித்தனியே வேண்டப்படுகின்றன?
4. உங்கள் இல்லத்தார் தொழில் நடத்துவோராயின், ஐந்து வாயில்களுள் எவற்றைக் கடந்துள்ளனர் என்று அவர்களோடு அமர்ந்து ஒரு பட்டியல் எழுதுக. விடுபட்டது இருப்பின், அடுத்த இதழ் வருமுன் அதற்கு விண்ணப்பிக்க ஆவன செய்க.